பெட்ரோல், வைரஸ், சி.டி. ஸ்கேன்: எதற்குப் பயப்படுவது?

கேள்வி: வயது 41. இருபது வருடமாக டூவீலர் மெக்கானிக். கையிலுள்ள கிரீஸ் போக பெட்ரோலில்தான் கழுவுவேன். போன மாதம் வயிற்று வலிக்காக சி.டி. ஸ்கேன் எடுத்தார்கள். ரத்தப் பரிசோதனையில் ஹெபடைட்டிஸ் பி வேறு இருக்கிறதாம். மூன்றுமே புற்றுநோயில் கொண்டுபோய் விடும் என்கிறார்கள். அந்த ஸ்கேனை நினைத்தால் தூக்கமே வரவில்லை.

பதில்: ஸ்கேனை மறந்துவிட்டுத் தூங்குங்கள். முதலில் கவனிக்க வேண்டியது உங்கள் ரத்த ரிப்போர்ட்தான்.

வயிற்று சி.டி. ஒன்றில் கிடைக்கும் கதிர்வீச்சு சுமார் 8 மில்லிசீவர்ட். மண்ணிலிருந்தும் வானத்திலிருந்தும் நம் எல்லோர் மேலும் ஆண்டுக்குச் சராசரியாக 2.4 மில்லிசீவர்ட் எப்படியும் படுகிறது. எக்ஸ்ரே கதிர் செல்லிலுள்ள டி.என்.ஏ. இழையை அறுக்கும், உண்மைதான். அறுந்ததைச் செல்லே பெரும்பாலும் ஒட்டிக்கொள்ளும். எப்போதாவது தப்பாக ஒட்டினால்தான் வம்பு; அந்தப் பிழை புற்றுக்கு வழிவிடலாம். காரணமில்லாமல் திரும்பத் திரும்ப எடுக்காதீர்கள், போதும்.

பெட்ரோல் விஷயம் வேறு. தொழிலால் புற்றுநோய் வரும் என்று 1775-லேயே லண்டன் மருத்துவர் பெர்சிவல் பாட் எழுதினார். புகைபோக்கி துடைப்பவர்களின் விதைப்பையில், கரி படிந்து படிந்து வந்த புற்று அது. பெட்ரோலில் கொஞ்சம் பென்சீன் இருக்கிறது. மூச்சு வழியாகவும் தோல் வழியாகவும் உள்ளே போகும். கல்லீரல் அதை உடைக்கும்போது உண்டாகும் பொருள்கள் ரத்தம் ஊறும் இடமான எலும்பு மஜ்ஜையைத் தாக்குகின்றன; ரத்தப் புற்றுநோய் வரும் வழி அதுதான். கை கழுவ மெக்கானிக்குகளுக்கென்றே விற்கும் ஹேண்ட் கிளீனர் வாங்குங்கள். டியூபை வாயில் வைத்து பெட்ரோல் உறிஞ்சும் பழக்கம் இருந்தால் அதை இன்றோடு விடுங்கள்.

சரி, வைரஸுக்கு வருவோம். ஹெபடைட்டிஸ் பி தன் டி.என்.ஏ. துண்டுகளைக் கல்லீரல் செல்லின் டி.என்.ஏ.வுக்குள்ளேயே செருகிவிடும். அதோடு, வைரஸ் புகுந்த செல்களை நம் எதிர்ப்புச் சக்தியே கொன்றுகொண்டிருக்கும். செத்ததை ஈடுகட்ட மற்ற செல்கள் ஓயாமல் பிரியும். ஒவ்வொரு முறை பிரியும்போதும் டி.என்.ஏ. முழுவதையும் நகலெடுக்க வேண்டும். பல வருடம் இது நடந்தால் பிழை சேராமல் இருக்குமா? கல்லீரல் தழும்பேறிச் சுருங்கும் 'சிரோசிஸ்' வராமலே நேரே புற்று வருவதும் உண்டு.

ஆனால் இந்த வைரஸ் இருக்கிற எல்லோருக்கும் புற்று வருவதில்லை. பெரியவர்களான பின் தொற்றியிருந்தால் பெரும்பாலோருக்கு ஆறு மாதத்துக்குள் தானாகவே போய்விடும். அதனால் ஆறு மாதம் கழித்து எச்.பி.எஸ்.ஏ.ஜி. (வைரஸின் மேலுறைப் புரதம் ரத்தத்தில் இருக்கிறதா என்று பார்ப்பது) பரிசோதனையை மறுபடி செய்யுங்கள். இப்போதே கல்லீரல் மருத்துவரைப் பார்த்து ரத்தத்தில் வைரஸின் அளவையும் கல்லீரல் என்சைம்களையும் பார்க்கச் சொல்லுங்கள். தேவைப்பட்டால் டெனோஃபோவிர் அல்லது என்டெகாவிர் மாத்திரை தருவார். இவை வைரஸை அடக்கி, புற்று வரும் வாய்ப்பையும் குறைக்கும். ஆபத்து அதிகமுள்ளவர்களுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை அல்ட்ராசவுண்ட் எடுப்பார்கள். அதில் கதிர்வீச்சே கிடையாது, அதற்கும் பயந்துவிடாதீர்கள்!

மதுவை அறவே விடுங்கள். பூஞ்சணம் பிடித்த நிலக்கடலையையும் தொடாதீர்கள். அதிலிருக்கும் அஃப்லாடாக்சின் நஞ்சும் இந்த வைரஸும் சேர்ந்தால் ஆபத்து பல மடங்காகும்.

அப்புறம், மனைவி, பிள்ளைகள், கூடப் பிறந்தவர்கள் எல்லோரும் ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளட்டும். தொற்றும் எதிர்ப்புச் சக்தியும் இல்லாதவர்களுக்குத் தடுப்பூசி போட்டுவிடலாம். ஒரே தட்டில் சாப்பிட்டாலும் இது பரவாது. ரேஸர், பல் துலக்கும் பிரஷ், நகவெட்டி மட்டும் உங்களுக்குத் தனியாக இருக்கட்டும்.