எடின்பரோ தையற்காரரை எந்தக் காகிதத்தில் தேடுவது?

கேள்வி: என் கணவர் ஸ்காட்லாந்துக்காரர். அவர் குடும்பம் தலைமுறை தலைமுறையாக எடின்பரோவில் தையல் தொழில் செய்தது என்று மாமியார் சொல்வார். கையில் இருப்பவை ஒரு பெரிய கத்தரிக்கோல், அட்டையில் ஒட்டிய பழைய புகைப்படம் ஒன்று, 'நம் முன்னோரில் ஒருவர் டீக்கனாக இருந்தார்' என்ற பேச்சு. 1841 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வரை போய்விட்டேன். அதற்கு முன்னால் ஒரே பெயரில் மூன்று தையற்காரர்கள் வருகிறார்கள். நம்மவர் யார் என்று பிரிக்க முடியவில்லை. இணையதளத்தில் பணம்தான் கரைகிறது. அடுத்து எங்கே தேடுவது?

பதில்: முதலில் படங்களைத் திறப்பதை நிறுத்துங்கள். ஸ்காட்லாந்து அரசு ஆவணக் காப்பகம் நடத்தும் 'ஸ்காட்லண்ட்ஸ் பீப்பிள்' தளத்தில் பெயரைத் தேடிப் பார்க்கக் காசு வேண்டாம். பதிவின் படத்தைத் திறக்கும்போதுதான் ஒவ்வொன்றுக்கும் காசு போகிறது. மூன்று பேரையும் மாற்றி மாற்றித் திறந்து பார்ப்பதால் குழப்பம் தீராது, கடன் அட்டைதான் தேயும்.

1841 கணக்கெடுப்பு ஏமாற்றுக்காரக் காகிதம். பதினைந்துக்கு மேற்பட்டவர்களின் வயதை ஐந்தின் மடங்காகக் குறைத்து எழுதினார்கள். 49 வயதுக்காரர் 45 ஆகிவிடுவார். வீட்டில் யார் யாருக்கு என்ன உறவு என்ற பத்தியே கிடையாது. பிறந்த ஊருக்குப் பதில் 'இதே கவுண்டியில் பிறந்தவரா' என்பதற்கு ஆம், இல்லை மட்டும். பிறந்த திருச்சபை வட்டாரம் 1851-இல்தான் வருகிறது. ஆகவே 1841-ஐ வைத்துக்கொண்டு பின்னால் தாவாதீர்கள். முன்னால் வாருங்கள், 1855-க்கு.

அந்த ஆண்டு ஜனவரி 1 முதல்தான் ஸ்காட்லாந்தில் பிறப்பு, திருமணம், இறப்பு மூன்றையும் அரசே பதிவு செய்யத் தொடங்கியது. அந்த இறப்புப் பதிவுதான் உங்களுக்குத் தேவை. இங்கிலாந்துப் பதிவில் இல்லாத ஒன்று ஸ்காட்லாந்தில் உண்டு: இறந்தவரின் தந்தை பெயர், தந்தையின் தொழில், தாயின் பிறந்த வீட்டுக் குடும்பப்பெயர். 1857-இல் 76 வயதில் ஒரு கிழவி இறந்திருந்தால், அவர் பிறந்தது 1781 வாக்கில். அவருடைய பெற்றோர் பெயர் அந்தக் காகிதத்தில் இருக்கும். ஒரே தாவலில் எழுபது, எண்பது ஆண்டு பின்னால் போய்விடலாம். 1855 என்ற ஒரே ஓர் ஆண்டின் பதிவுகள் இன்னும் விரிவானவை. பிள்ளைகளின் பெயர், வயது, இறந்தவர் பிறந்த ஊர் எல்லாம் கேட்டு எழுதினார்கள். எழுத்தர்களுக்குக் கை ஒடிந்திருக்க வேண்டும், அடுத்த ஆண்டே பத்திகளைக் குறைத்துவிட்டார்கள். 1856 முதல் 1860 வரை கணவன் அல்லது மனைவியின் பெயர்கூட இறப்புப் பதிவில் கிடையாது.

எனவே உங்கள் ஆள் 1855-க்கு முன்பே இறந்திருந்தாலும் அவருடைய அண்ணன், தங்கை யாராவது அதன் பிறகு இறந்திருக்கிறார்களா என்று பாருங்கள். ஒருவரை மட்டும் நம்ப வேண்டாம். பெற்றோர் பெயரைச் சொன்னவர் மருமகனாகவோ பக்கத்து வீட்டுக்காரராகவோ இருக்கலாம்; பாட்டியின் அம்மா பெயர் அவருக்கு எப்படித் தெரியும்? இரண்டு உடன்பிறப்புகளின் பதிவுகள் ஒத்துப்போனால்தான் அது சான்று. பெண்களைத் தேடும்போது பிறந்த வீட்டுப் பெயரில் தேடுங்கள். ஸ்காட்லாந்தில் மணமான பெண்ணின் பழைய குடும்பப்பெயர் சட்டக் காகிதங்களிலும் கல்லறைக் கல்லிலும் சாகும்வரை கூடவே வரும்.

ஒரே பெயரில் மூன்று பேர் வருவதற்குக் காரணம் இருக்கிறது. நம் வீடுகளில் தாத்தா பெயரைப் பேரனுக்கு வைப்பதுபோல அங்கேயும் முறை உண்டு: மூத்த மகனுக்குத் தந்தைவழித் தாத்தா பெயர், இரண்டாமவனுக்குத் தாய்வழித் தாத்தா பெயர், மூன்றாமவனுக்கு அப்பா பெயர். மூத்த மகளுக்குத் தாய்வழிப் பாட்டி பெயர். அண்ணன் தம்பி மூவர் இருந்தால் மூவரும் தங்கள் மூத்த மகனுக்கு ஒரே தாத்தாவின் பெயரைத்தான் வைப்பார்கள். பெரும்பாலும் உங்கள் மூன்று தையற்காரர்களும் பெரியப்பா, சித்தப்பா பிள்ளைகளாகவே இருப்பார்கள். ஆனால் இதே முறை உங்களுக்கு உதவவும் செய்யும். மூவரின் இரண்டாவது மகன்களின் பெயரைப் பாருங்கள். அது மாமனார் பெயர், அங்கேதான் மூவரும் பிரிவார்கள். எல்லாக் குடும்பமும் முறையைக் கடைப்பிடித்ததில்லை என்பதையும் மனதில் வையுங்கள்.

இனி தொழிலுக்கு வருவோம். உங்கள் கேள்வியில் இல்லாத ஒன்றை நான் கேட்கிறேன்: அவர் மாஸ்டரா, ஜர்னிமேனா? நம்மூர்க் கடையில் கட்டிங் மாஸ்டர் ஒருவர், பீஸ் ரேட்டில் தைப்பவர் வேறொருவர் இல்லையா, அதைவிட ஆழமான பிளவு இது. ஜர்னிமேன் என்றால் பயிற்சி முடித்து நாள்கூலிக்குத் தைப்பவர். அந்தச் சொல்லே 'நாள்' என்ற பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது. மாஸ்டர் என்றால் தொழிற்சங்கத்தில் (இன்றைய தொழிலாளர் சங்கம் அல்ல, ஒரே தொழில் செய்யும் மாஸ்டர்களின் பழைய அமைப்பு) சேர்ந்து, சொந்தப் பெயரில் கடை நடத்தும் உரிமை பெற்றவர். மாஸ்டர் காகிதங்களை விட்டுச்செல்வார். ஜர்னிமேன் திருச்சபைப் பதிவிலும் கணக்கெடுப்பிலும் மட்டும் தலைகாட்டுவார். இதை முடிவு செய்யாமல் சங்க ஆவணங்களில் இறங்கினால் மாதக்கணக்கில் வேறொருவரின் முப்பாட்டனைத் தேடிக்கொண்டிருப்பீர்கள். நான் தேடியிருக்கிறேன்.

முடிவு செய்வது எப்படி? 1841 பதிவில் தொழிலுக்குப் பக்கத்தில் ஜர்னிமேனைக் குறிக்கும் 'ஜே' எழுத்து இருக்கிறதா என்று பாருங்கள். 1851-இல் மாஸ்டர்கள் தம்மிடம் எத்தனை பேர் வேலை செய்கிறார்கள் என்றும் சொல்ல வேண்டியிருந்தது. அடுத்து, எடின்பரோ முகவரிப் புத்தகங்கள். முதல் புத்தகம் 1773-இல் வந்தது. வெளியிட்டவர் பீட்டர் வில்லியம்சன், சிறுவயதில் அபர்டீனில் கடத்தப்பட்டு அமெரிக்காவில் விற்கப்பட்டுத் திரும்பி வந்தவர். அவர் கதையே தனிக் கட்டுரைக்கு ஆகும். 1773 முதல் 1911 வரையிலான ஸ்காட்லாந்து முகவரிப் புத்தகங்களை ஸ்காட்லாந்து தேசிய நூலகம் இலவசமாகவே இணையத்தில் வைத்திருக்கிறது. கடை வைத்திருந்த தையற்காரர் அதில் இருப்பார், கூலிக்குத் தைத்தவர் இருக்கமாட்டார். உங்கள் மூவரையும் ஆண்டு வாரியாக ஒரு தாளில் எழுதுங்கள்: இந்த ஆண்டு எந்தச் சந்து, அடுத்த ஆண்டு எந்தத் தெரு. அங்கே வாடகை ஒப்பந்தங்கள் மே மாதம் மாறும். அதனால்தான் பல புத்தகங்கள் 1832–33 என்று இரண்டு ஆண்டுகளைத் தாங்கி வருகின்றன. குழந்தையின் ஞானஸ்நானப் பதிவில் வரும் முகவரியை இந்தத் தாளோடு ஒப்பிட்டால் மூவரில் ஒருவராவது கழிந்துவிடுவார்.

மாஸ்டர் என்று தெரிந்தால் புதையல்தான். எடின்பரோ தையற்காரர் சங்கத்துக்கு நகரசபை 1500-ஆம் ஆண்டிலேயே முத்திரையிட்ட சாசனம் கொடுத்தது. கௌகேட் தெருவில் 1621 என்று ஆண்டு பொறித்த அவர்களுடைய மண்டபம் இன்றும் நிற்கிறது. எடின்பரோ போக வாய்த்தால் நேரில் பாருங்கள். நகரத்துக்குள் கடை நடத்த வேண்டுமானால் சங்கத்திலும் சேர வேண்டும், 'பர்ஜெஸ்' என்ற நகரக் குடியுரிமையும் பெற வேண்டும். இந்தத் தனியுரிமையை நாடாளுமன்றம் 1846-இல் ஒழித்தது. எடின்பரோ பர்ஜெஸ் பட்டியல்களை 1841 வரையும் தொழில் பழகுநர் பதிவேட்டை 1800 வரையும் ஸ்காட்டிஷ் ரெக்கார்ட் சொசைட்டி அச்சிட்டிருக்கிறது. பழைய எழுத்தோடு மல்லுக்கட்டாமல் படிக்கலாம்.

பர்ஜெஸ் பட்டியலில் பெயரைவிட முக்கியமானது, எந்த வழியில் உரிமை பெற்றார் என்ற குறிப்பு. அப்பா பர்ஜெஸாக இருந்தால் மகனுக்குக் கட்டணம் குறைவு. பர்ஜெஸின் மகளைக் கட்டியவருக்கும் குறைவு. சலுகை கேட்கிறவர் உறவைச் சொல்லித்தானே ஆக வேண்டும், எழுத்தரும் எழுதி வைத்தார்: 'தந்தை வழியில்', 'மனைவி வழியில், இன்ன தையற்காரரின் மகள்', 'இன்னாரிடம் பழகியவர்'. ஞானஸ்நானப் பதிவு தொலைந்த குடும்பத்துக்கு இந்த ஒற்றை வரி இரண்டு தலைமுறையைத் தந்துவிடும்.

டீக்கன் விஷயமும் இங்கேதான் வருகிறது. உங்கள் மாமியார் அதைச் சபை ஊழியம் என்று நினைத்திருக்கலாம். எடின்பரோவில் ஒவ்வொரு தொழிற்சங்கத்தின் தலைவருக்கும் டீக்கன் என்றுதான் பெயர்; டீக்கன்களுக்கெல்லாம் தலைவர் டீக்கன் கன்வீனர். வீட்டில் வழிவழியாக வந்த பேச்சு உண்மையானால் அவர் தையற்காரர்களின் தலைவராக இருந்திருக்கக்கூடும், அப்படியானால் பெயர் சங்கப் பதிவுகளில் கட்டாயம் இருக்கும். எடின்பரோ நகர ஆவணக் காப்பகத்தில் விசாரிக்கத் தொடங்குங்கள். ஒரு எச்சரிக்கை: கேனன்கேட் அந்தக் காலத்தில் எடின்பரோவின் பகுதி இல்லை. எடின்பரோவின் நெடுந்தெரு நீண்டு செல்லும் கீழ்ப்பக்கம்தான், ஆனால் தனி நகரம், தனித் தையற்காரர் சங்கம், தனித் திருச்சபைப் பதிவேடு. 1856-இல்தான் எடின்பரோவோடு சேர்ந்தது. மூன்று பேரில் ஒருவர் எடின்பரோ பட்டியலில் இல்லை என்றால் ஜர்னிமேன் என்று உடனே எழுதிவிடாதீர்கள். நூறு அடி கீழே கேனன்கேட் மாஸ்டராக இருந்திருப்பார்.

திருச்சபைப் பதிவேடுகளைப் பற்றிச் சுருக்கமாக. 1783 முதல் 1794 வரை ஒவ்வொரு பதிவுக்கும் மூன்று பென்னி வரி இருந்தது. பலர் பதியாமலே விட்டார்கள். கைவினைஞர்களில் நிறையப் பேர் அரசுத் திருச்சபையிலிருந்து பிரிந்த சபைகளுக்குப் போனவர்கள், அவர்களுடைய பதிவுகள் அதே தளத்தில் வேறு பிரிவில் இருக்கின்றன. தையற்காரர் என்ற சொல்லே பதிவேட்டில் பல வேடம் போடும். பழைய ஸ்காட் எழுத்தில் நடுவே ஓர் 'இசட்' போட்டு எழுதியிருப்பார்கள், லத்தீன் பத்திரத்தில் 'சிஸ்ஸர்' என்று வரும். இன்ன தையற்காரரின் 'செர்வன்ட்' என்று இருந்தால் வீட்டு வேலைக்காரன் என்று எண்ண வேண்டாம், பெரும்பாலும் ஜர்னிமேன்தான்.

உயில்களை விட்டுவிடாதீர்கள். ஸ்காட்லாந்து உயில், சொத்துப் பட்டியல்கள் 1513 முதல் 1925 வரை அதே தளத்தில் உள்ளன. தையற்காரர் இறந்தால் சொத்துப் பட்டியலில் அவருக்கு வரவேண்டிய கடன்களும் ஏறும். கோட்டு தைத்துக்கொண்டு காசு கொடுக்காத கனவான்களின் பெயர்கள் வரிசையாக வரும். இந்தத் தொழிலில் அது எந்த ஊரிலும் மாறாதது போலிருக்கிறது. அந்தக் கடன்களால் கடையே திவாலானால் 'எடின்பரோ கெஜட்' இதழில் அறிவிப்பு இருக்கும், அதையும் ஒருமுறை தேடுங்கள்.

கையில் இருக்கும் பொருட்களுக்கு வருகிறேன். கத்தரிக்கோலில் பொறித்திருக்கும் பெயர் பெரும்பாலும் செய்தவரின் பெயர், உங்கள் முன்னோரின் பெயரல்ல; அதை வைத்துத் தேடாதீர்கள். புகைப்பட அட்டை நல்ல சாட்சி. பின்பக்கம் ஸ்டுடியோவின் முகவரி இருந்தால், அதே முகவரிப் புத்தகங்களில் அந்த ஸ்டுடியோ எந்தெந்த ஆண்டுகள் அந்த வாசலில் இருந்தது என்று பார்த்துப் படத்தின் காலத்தைச் சில ஆண்டுகளுக்குள் சுருக்கிவிடலாம். தொழில் எப்போது நின்றது என்பதையும் மாமியாரிடம் கேளுங்கள். 1880-களில் கிளாஸ்கோ பக்கம் கிளைடுபேங்கில் சிங்கர் கம்பெனி பிரமாண்டமான தையல் மிஷின் ஆலையைத் திறந்தது. நம்மூர் வீடுகளில் பாட்டி காலத்து சிங்கர் மிஷின்கள் பல அங்கே செய்தவைதான். மிஷினும் ஆயத்த ஆடையும் பெருகிய அந்தத் தலைமுறையில் பல குடும்பங்களில் மகன் குமாஸ்தா வேலைக்குப் போனான். உங்கள் கணவர் குடும்பத்திலும் 1891, 1901 கணக்கெடுப்புகளில் அந்தத் திருப்பம் தெரியலாம்.

கடைசியாக, இந்த வாரம் காசில்லாமல் செய்யக்கூடியது ஒன்று. 'தலைமுறை தலைமுறையாகத் தையல்' என்றதும் நாம் அப்பா, மகன், பேரன் என்று ஒரே குடும்பப்பெயரில் கோடு போட்டுவிடுகிறோம். எடின்பரோவில் கடை மருமகனுக்குப் போனதும் உண்டு. மாஸ்டரின் மகளைக் கட்டிய ஜர்னிமேன் குறைந்த கட்டணத்தில் பர்ஜெஸ் ஆகிக் கடையில் உட்கார்ந்துவிடுவான். அந்த டீக்கனின் குடும்பப்பெயர் இன்னதென்று யாராவது சொன்னார்களா, அல்லது நம் பெயர்தான் இருக்கும் என்று வீட்டில் எல்லோரும் நினைத்துக்கொண்டார்களா என்று மாமியாரிடம் கேட்டு எழுதுங்கள்.