மானுடவியலா, சமூகவியலா?

இரண்டாம் ஆண்டில் எதை முதன்மைப் பாடமாக எடுப்பது, இரண்டும் ஒன்றுபோலத்தானே இருக்கிறது என்று கேட்டிருந்தீர்கள். பாடத்திட்டத்தைப் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். வேலை செய்யும் விதம்தான் வேறு. மானுடவியலாளர் மாலினோவ்ஸ்கி 1915 முதல் 1918 வரை இரண்டு தவணையாக, நியூ கினிக்கு அருகிலுள்ள டிரோப்ரியாண்ட் தீவுகளில் கூடாரம் போட்டுத் தங்கி, அந்த மக்களின் மொழியைக் கற்று, சிப்பி மாலை யார் கையிலிருந்து யாருக்குப் போகிறது என்று கவனித்தார். சமூகவியலாளர் துர்க்கைம் 1897-இல் தற்கொலையைப் பற்றி எழுதியது அரசுப் புள்ளிவிவரங்களை வைத்து. இன்று இரண்டுக்கும் நடுவிலான கோடு நிறையவே அழிந்துவிட்டது, சரி.

ஒன்று செய்து பாருங்கள். ஏதாவது வரிசை நிற்கும் இடத்தில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார்த்ததை எழுதுங்கள். இடையில் புகுந்தவரை யார் முறைத்தார், யார் விட்டுவிட்டார் என்பதிலேயே மனம் நின்றால் மானுடவியல். 'எல்லா இடத்திலும் இப்படியா, எண்ணிப் பார்க்கலாமே' என்று தோன்றினால் சமூகவியல். அப்புறம், புள்ளியியல் தாள் பயமாக இருக்கிறது என்பதற்காக மட்டும் மானுடவியலுக்கு ஓடாதீர்கள். களக்குறிப்பு எழுதுவது அதைவிட முதுகை ஒடிக்கும்.