வெளிநாட்டுப் படிப்பு: எந்த நாடு என்பதற்கு முன் ஒரு கேள்வி

அன்புள்ள அக்கா,

சனிக்கிழமை கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் என் மேசை முழுக்கக் கல்விக் கண்காட்சிக் கையேடுகளை விரித்துவைத்து, "நாலாம் படிவத்துப் பிள்ளையை இப்பவே அனுப்பலாமா, அடுத்த வருஷம் எழுதும் பள்ளி இறுதித் தேர்வு எஸ்.பி.எம் என்ன ஆகும்?" என்று கேட்டீர்கள். அன்று வெளியே இன்னும் மூன்று குடும்பங்கள் காத்திருந்தன. இப்போது நிதானமாக எழுதுகிறேன்.

எந்த நாடு என்பதைக் கொஞ்சம் தள்ளிவையுங்கள். அங்கே படித்த படிப்பு எங்கே கணக்கில் ஏறும்? எந்தக் கையேட்டை எடுத்தாலும் முதலில் இதைக் கேளுங்கள்.

பள்ளி வயதில் போவது பெரும்பாலும் மாணவர் பரிமாற்றம். ஏஎஃப்எஸ் போன்ற அமைப்புகள் நடத்துகின்றன. அமெரிக்க அரசின் செலவில் நடக்கும் கென்னடி-லூகர் திட்டத்தில் நம் பிள்ளைகளும் போய் வந்திருக்கிறார்கள். ஒரு கல்வியாண்டு உள்ளூர்க் குடும்பத்தோடு தங்கி, அங்குள்ள பள்ளியில் படிப்பார்கள். இப்படிப் பரிமாற்றத்துக்கான ஜே-1 விசாவில் வரும் பள்ளி மாணவரை வீட்டில் ஏற்கும் அமெரிக்கக் குடும்பம் அதற்காகப் பணம் வாங்குவதில்லை. அதனால் உங்கள் மகள் அங்கே வாடகைக்கு இருப்பவள் அல்ல, வீட்டுப் பிள்ளை. பாத்திரம் கழுவ வேண்டும், வெளியே போனால் சொல்லிவிட்டுப் போக வேண்டும். நீங்கள் சைவம் என்பதை விண்ணப்பத்திலேயே எழுதிவிடுங்கள். போய்ச் சேர்ந்த பிறகு சொன்னால் இரு பக்கமும் சங்கடம்.

ஆனால் அந்த ஓராண்டு எஸ்.பி.எம்முக்கு ஈடாகாது. முன்பே போனால், திரும்பி வந்து எழுதித்தான் ஆக வேண்டும். பல்கலைக்கழகக் கனவு இருக்கும் பிள்ளைக்கு முதலில் எஸ்.பி.எம் முடியட்டும் என்பேன்.

பல்கலைக்கழகத்தில் சேர்ந்தபின் ஒரு செமஸ்டர் பரிமாற்றத்தில் போகலாம். கல்விக்கட்டணத்தை வழக்கம்போல இங்கேயே கட்டுவோம். விமானம், தங்குமிடம், சாப்பாடு, காப்புறுதி எல்லாம் நம் கைச்செலவு. பட்டம் தருவதும் இங்குள்ள பல்கலைக்கழகம்தான். அங்கே முடித்த பாடங்களின் கிரெடிட்டை இங்கே மாற்றிக்கொள்வார்கள். (எஸ்.பி.எம்மில் கிரெடிட் என்பது தேர்ச்சியின் தரம்; இங்கே கிரெடிட் என்பது முடித்த பாடத்துக்குக் கணக்கில் ஏறும் அலகு.)

இந்த இடத்தில்தான் பிள்ளைகள் தடுக்கி விழுகிறார்கள். நான் வழிகாட்டிய ஒரு தம்பி, போய்ச் சேர்ந்ததும் நேரம் ஒத்துவரவில்லை என்று ஒரு பாடத்தை மாற்றிக்கொண்டான். இங்குள்ள விரிவுரையாளரிடம் போனில் கேட்டானாம், "ஓகே லா" என்றாராம். திரும்பி வந்ததும் அந்தப் பாடத்தை இங்கே ஏற்கவில்லை. ஒரே பாடத்துக்காக இன்னொரு செமஸ்டர் படித்தான். போகுமுன் நிரப்பும் படிவத்தில் இடப்பக்கம் இங்குள்ள பாடத்தின் குறியீடு இருக்கும், வலப்பக்கம் அதற்கு ஈடாக அங்கே எடுக்கப்போகும் பாடம். பாடத்திட்டத்தை இணைத்துத் துறையின் கையெழுத்து வாங்க வேண்டும். நடுவில் ஒரு வரி மாறினாலும் புதிதாக எழுத்தில் ஒப்புதல் வேண்டும். அதன் நகல் ஒன்று உங்கள் வீட்டிலும் இருக்கட்டும்.

அப்புறம், பட்டமே வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்துடையதாக வாங்கும் வழிகள். 3+0 என்றால் மூன்றாண்டும் இங்கேயே. 2+1 என்றால் கடைசி ஆண்டு மட்டும் அங்கே. அமெரிக்கப் பல்கலைக்கழகத்துக்கு நடுவில் மாறிப்போகும் திட்டத்தில் பொதுவாக இரண்டாண்டு இங்கே, இரண்டாண்டு அங்கே; சி-க்குக் கீழே வாங்கிய பாடங்களைப் பெரும்பாலான அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் ஏற்காது. எதில் சேர்ந்தாலும் கல்வித் தகுதிகளைச் சரிபார்க்கும் மலேசிய அரசு அமைப்பான எம்க்யூஏவின் அங்கீகாரத்தை அவர்களுடைய பதிவேட்டில் நீங்களே தேடிப் பாருங்கள். முகவர் சொன்னார் என்று விடாதீர்கள்.

பணம். அரசின் உயர்கல்விக் கடனான பிடிபிடிஎன் உள்நாட்டுப் படிப்புக்குத்தான். உங்கள் இபிஎஃப் சேமநிதியில், 2024-இல் மூன்று கணக்காகப் பிரித்த பிறகு அக்காவுன் செஜாஹ்தெரா என்று ஒரு கணக்கு இருக்கிறதே, பிள்ளையின் உயர்கல்விக்கு, வெளிநாடானாலும், அதிலிருந்து எடுக்கலாம். ஆனால் அது உங்கள் முதுமைக்கான பணம், அக்கா. முழுவதையும் துடைத்து எடுக்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பிரிட்டன் விசாவுக்குப் பொதுவாக 28 நாள் தொடர்ந்து வங்கியில் பணம் இருந்திருக்க வேண்டும். கடைசி வாரத்தில் உறவினரிடம் கைமாற்று வாங்கிப் போடலாம் என்ற எண்ணம் வேண்டாம்.

அடுத்த முறை மகளையும் உள்ளே கூட்டி வாருங்கள். சென்ற வாரம் முழு நேரமும் வாசல் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தாள். அவளுடைய பள்ளித் தேர்வு முடிவுகளும் வேண்டும். கையேடுகளில் எது பிடிக்கிறது என்று அவளே இரண்டை எடுத்து வரட்டும், மற்றவை வீட்டில் இருக்கட்டும்.