லியாமுக்கு அழுத எனக்கு, மாமாவுக்கு ஏன் அழுகை வரவில்லை?

அன்புள்ள அக்காவுக்கு,

இதை வாசித்துவிட்டுச் சிரிக்க மாட்டீர்கள் என்று நம்பித்தான் எழுதுகிறேன், ஏனென்றால் வீட்டில் எல்லாரும் சிரித்து முடித்துவிட்டார்கள். எனக்கு 27 வயது. கோண்டாவிலில் இருக்கிறேன், டவுனில் ஒரு அலுவலகத்தில் கணக்கு வேலை.

வன் டிரெக்ஷன் என்ற இங்கிலாந்துப் பாட்டுக் குழுவை உங்களுக்குத் தெரியுமோ தெரியாது. ஐந்து பொடியன்கள். 2012இல் நான் 9ஆம் வகுப்பு. ஒரு சிநேகிதியின் அண்ணா கொழும்பிலிருந்து வரும்போது பென்டிரைவில் அவர்களுடைய பாட்டுகளைக் கொண்டுவந்தார், அதோடு பிடித்தது பைத்தியம். நாங்களும் ஐந்து பேர், அவர்களும் ஐந்து பேர், ஆளுக்கொருவர் என்று பங்கு போட்டோம். எனக்கு லியாம். யாரும் எடுக்காமல் மிஞ்சினவர் என்பதுதான் உண்மை, ஆனால் கிடைத்த பிறகு விட மனம் வரவில்லை. ஒரு சி.ஆர். கொப்பியில் பாட்டு வரிகளை எழுதி வைத்தோம், ஆங்கிலம் விளங்காத இடங்களில் காதில் விழுந்ததை அப்படியே தமிழ் எழுத்தில். கொமினிக்கேசன் கடையில் படம் பிரிண்ட் எடுத்து ஒட்டினோம். அந்தக் கொப்பி இப்பவும் என்னிடம்தான் இருக்கிறது.

2015 மார்ச்சில், ஓ.எல். பரீட்சை முடிவுக்குக் காத்திருந்த நாட்களில், ஸெய்ன் குழுவை விட்டுப் போய்விட்டார் என்று செய்தி வந்தது. அதே கிழமை எங்களில் ஸெய்னைப் பங்கு எடுத்தவள், தான் ஏ.எல். படிக்கக் கொழும்புக்குப் போகப்போவதாகச் சொன்னாள். நான் எல்லாருக்கும் முன்னால் சொன்னேன், "உன்ர ஆள் மாதிரித்தான் நீயும், இடையில விட்டிட்டு ஓடுற ஆள்" என்று. அவள் ஒன்றும் சொல்லவில்லை. சைக்கிளை எடுத்தாள், செயின் கழன்று கிடந்தது. எங்களிடம் பூட்டித் தரச் சொல்லிக் கேட்காமல் அப்படியே உருட்டிக்கொண்டு போனாள். அதுதான் கடைசி. பிறகு மற்றவர்களும் ரொறன்ரோ, மெல்பேர்ண், வவுனியா என்று போய்விட்டார்கள்.

2024 ஒக்டோபர் 17, போயா விடுமுறை. விடிய எழும்பிப் போனைப் பார்த்தால், லியாம் ஆர்ஜென்டீனாவில் ஹோட்டல் பல்கனியிலிருந்து விழுந்து இறந்துவிட்டார். 31 வயது. நான் அழுத அழுகையில் அம்மா அடுப்படியிலிருந்து ஓடி வந்தா. காரணம் கேட்டதும் அவ சொன்ன ஒரு வார்த்தை இன்னும் குத்துகிறது. "மாமா செத்த செய்தி வந்தண்டைக்கு உனக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் வரேல்லை, ஆரோ ஒரு வெள்ளைக்காரனுக்கு இப்பிடி அழுகிறாய்."

உண்மைதான் அக்கா. மாமா 2009இல் வன்னியில் செத்தவர். எனக்கு அப்போது 11 வயது. செய்தி வரவே இரண்டு மாதம் சென்றது. நான் அழவில்லை. என்னைத் தோளில் தூக்கித் திரிந்த மாமா.

இப்போது ஒரு வருடத்துக்கு மேலாகிறது. இன்னமும் இரவு இரண்டு மணி வரைக்கும் யூரியூபில் அவர்களுடைய பழைய வீடியோக்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், காலையில் அலுவலகத்தில் கண்ணைத் திறக்க முடியவில்லை. நான் மனமே இல்லாதவளா? இது ஏதாவது வருத்தமா? மற்றது, ஸெய்ன்காரிக்கு ஒரு மெசேஜ் போடலாமா? பத்து வருடமாய் ஒரு கதையும் இல்லை.

— பெயர் வேண்டாம், கோண்டாவில்

*

அன்புத் தங்கச்சிக்கு,

அந்த ஐந்து பேரையும் எனக்கு நன்றாகத் தெரியும். என் மகள் அலுமாரிக் கதவில் ஒட்டி வைத்திருந்தாள், கழற்றிய இடத்தில் வார்னிஷ் உரிந்த அடையாளம் இன்னும் இருக்கிறது. ஆகவே சிரிக்கவில்லை.

அம்மாவின் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன், முள் அங்கேதான் இருக்கிறது. எங்கள் ஊரில் செத்தவீட்டுக்கு ஓர் ஒழுங்கு உண்டு. பிரேதம் நடுவீட்டில் கிடக்கும், பெண்கள் கட்டிப்பிடித்து அழுவார்கள், அயலட்டை தேத்தண்ணி ஊற்றும், பிறகு எட்டு, அந்தியேட்டி என்று அழுகைக்கு நாள் குறித்துக் கொடுத்திருக்கிறார்கள். உங்கள் மாமாவுக்கு இதில் எது நடந்தது? இரண்டு மாதம் பிந்திய ஒரு செய்தி, உடல் இல்லை, 2009இல் சத்தம் போட்டு அழவே யோசித்த வீடுகள் எத்தனை. பெரியவர்களே வாயைப் பொத்திக்கொண்டு இருந்த இடத்தில் 11 வயதுப் பிள்ளை என்ன செய்யும்? பெரியவர்கள் செய்ததைத்தான் செய்யும். நீங்கள் அழாமல் இருந்தது அன்பு இல்லாததால் அல்ல, அழ உங்களுக்கு ஓர் இடம் யாரும் காட்டவில்லை.

லியாம் செத்த அன்று என்ன நடந்தது? போனைத் திறந்தால் உலகமே அழுதுகொண்டிருந்தது. மெழுகுதிரி, பூ, பாட்டு. ஒரு பெரிய செத்தவீடு, நீங்களும் போய் இருந்து அழலாம். அதனால்தான் அழுகை வந்தது. அதில் ஒரு பங்கு மாமாவுடையதாக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். அதற்காக லியாமுக்கு அழுத அழுகை பொய் என்று நான் சொல்லப்போவதில்லை, அப்படிச் சொல்லித் தப்பிக்கிற ஆலோசகர்களை எனக்குப் பிடிக்காது.

கென்னத் டோக்கா என்ற அமெரிக்க ஆய்வாளர் 1989இல் ஒரு விஷயத்தை எழுதினார்: இழப்பு இருக்கும், ஆனால் அதற்காகத் துக்கப்பட உனக்கு உரிமை இல்லை என்று சுற்றியிருப்பவர்கள் நடந்துகொள்வார்கள், அந்தத் துக்கம் ஆறுவது கஷ்டம். உங்களுக்கு அது இரண்டு தரம் நடந்திருக்கிறது. மாமாவுக்கு அழ முடியவில்லை, லியாமுக்கு அழுதால் சிரித்தார்கள்.

முகம் தெரியாத ஒருவரோடு வருகிற நெருக்கமும் புதுசு இல்லை. ஹோர்டன், வோல் என்ற இருவர் தொலைக்காட்சி பார்க்கிறவர்களைப் பற்றி 1956இலேயே எழுதிவிட்டார்கள். 1996 பெப்ரவரியில் டேக் தற் என்ற பாட்டுக் குழு பிரிகிறது என்று அறிவித்தபோது பிரித்தானியாவில் அழுத பிள்ளைகளுக்காகத் தொலைபேசி உதவிச் சேவையே திறந்தார்கள். கோண்டாவிலில் ஒருத்தி அழுதால் மட்டும் பைத்தியமா?

வன் டிரெக்ஷன் முடிந்த விதத்திலும் ஒரு சிக்கல் இருக்கிறது. 2015இல் "இடைவேளை" என்றார்கள், ஒக்டோபர் 31இல் ஷெபீல்டில் கடைசிக் கச்சேரி வைத்தார்கள், முடிந்துவிட்டது என்று ஒருவரும் வாய் திறந்து சொல்லவில்லை. படலையைச் சாத்தாமல் போன மாதிரி. ஒன்பது வருடம் நீங்கள் அந்தப் படலையைப் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறீர்கள், லியாமோடு அது மூடிவிட்டது. இரவு இரண்டு மணிக்கு யூரியூபில் நீங்கள் தேடுவது படலை திறந்திருந்த அந்தக் காலத்தை.

இப்போது அந்தச் சைக்கிள்காரி. ஸெய்ன் ஏன் போனார் என்று நினைவிருக்கிறதா? சாதாரண 22 வயதுப் பொடியனாக இருக்க விரும்புகிறேன் என்றார். அந்த ஐந்து பேரும் 2010இல் எக்ஸ் பெக்ரர் என்ற தொலைக்காட்சிப் பாட்டுப் போட்டிக்குத் தனித்தனியாக வந்தவர்கள், நடுவர்கள்தான் சேர்த்து வைத்தார்கள். மூன்றாம் இடம் வந்து, பிறகு 2011 தொடக்கம் வருடத்துக்கு ஓர் அல்பம், இடையில் உலகம் சுற்றல். களைக்காமல் என்ன செய்யும்? ஆனால் அவர் துரோகி என்றுதான் அன்றைக்கு இரசிகர்கள் கத்தினார்கள். நீங்களும் அந்தக் கோபத்தை எடுத்து உங்கள் சிநேகிதி மேல் எறிந்தீர்கள். 16 வயதில் எல்லாரும் இப்படி ஏதோ ஒன்றைச் சொல்லியிருப்போம், நான் சொன்னது இதைவிட மோசம், அது இங்கே வேண்டாம்.

2024 நவம்பரில் லியாமின் இறுதிச் சடங்குக்கு மற்ற நாலு பேரும் வந்தார்கள், ஸெய்னும் வந்தார். உங்கள் ஐந்து பேரில் ஒருவரும் சாகும்வரை காத்திருக்கத் தேவையில்லை, மெசேஜ் போடுங்கள். குறூப்பில் வேண்டாம், தனியாக. லியாம் படம், அழுகிற இமோஜி ஒன்றும் வேண்டாம். அன்றைக்கு நான் சொன்னது பிழை, நீ சைக்கிளை உருட்டிக்கொண்டு போனது இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது, இவ்வளவும் போதும். பதில் வராமலும் போகலாம். ரொபி வில்லியம்ஸ் டேக் தற்றை விட்டுப் போய்த் திரும்பச் சேர 15 வருடம் சென்றது, உங்களுக்குப் பத்துத்தான் ஆகியிருக்கிறது.

நித்திரை விஷயத்தை மட்டும் லேசாக விடாதீர்கள். போனை இரவு பத்து மணிக்கு அம்மாவின் அறையில் சார்ஜில் போடுங்கள். பாட்டுக் கேட்பதென்றால் பின்னேரம், பகல் வெளிச்சத்தில் கேளுங்கள். இரண்டு மூன்று கிழமையில் நித்திரை சரிவராவிட்டால், அல்லது வாழ்ந்து என்ன என்ற மாதிரி யோசனை வந்தால், யாழ் போதனா வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்கு நேரே போங்கள். 1926 என்ற உளநல உதவி இலக்கத்துக்கு எந்த நேரமும் எடுக்கலாம்.

அம்மாவோடும் கதைக்க வேண்டும். அவ உங்களைக் குத்தத்தான் அதைச் சொன்னா என்று நினைக்கவில்லை, அவவும் தன் தம்பிக்கு அழுது முடித்தவவாகத் தெரியவில்லை. ஒரு பின்னேரம் பக்கத்தில் இருந்து, மாமா சின்ன வயதில் என்ன பாட்டுக் கேட்டவர் என்று கேட்டுப் பாருங்கள். அழுகை வந்தால் இரண்டு பேரும் அழுங்கள், இந்த முறை ஒருவரும் வாயைப் பொத்தத் தேவையில்லை.

அந்தச் சி.ஆர். கொப்பியை எறிய வேண்டாம். தட்டில் சும்மா கிடந்தால் கறையான் தின்றுவிடும், ஒரு பிஸ்கட் ரின்னில் போட்டு மூடி வையுங்கள்.