மைனராக இருந்தபோது தாத்தா எனக்கு எழுதிவைத்த பணமும் நிலமும் இன்னும் அப்பா கையில்தான் இருக்கின்றன. எனக்கு இப்போது 20 வயது. இந்தியச் சட்டப்படி கேட்க முடியுமா?

தாராளமாகக் கேட்கலாம். எனக்கும் இதே கதைதான், அப்பாவுக்குப் பதில் அம்மா. எனக்கு 11 வயதாகும்போது பாட்டி உயிலில் ஒரு வைப்புத்தொகையும் சின்ன மனையும் என் பெயருக்கு வந்தன. அப்பா இல்லாததால் அம்மா கார்டியன். 19 வயதில் பாஸ்புக்கைப் பார்த்தால் பாதிப் பணத்துக்கு மேல் காணோம்.

"என் பணம் எங்கே?" என்று நான் ஆரம்பித்த விதத்தில் ஒரு வாரம் வீட்டில் பேச்சே இல்லை. அப்புறம் தெரிந்த வக்கீல் ஒருவர், முதலில் கணக்கைக் கேள் என்றார். கார்டியன் அந்தப் பணத்துக்குப் பொறுப்பாளிதான், சொந்தக்காரர் இல்லை. பிள்ளையின் நன்மைக்குச் செலவழிக்கலாம், தன் தேவைக்கு எடுக்கக் கூடாது. கேட்டதும் அம்மா ஒரு பழைய நோட்டைக் கொண்டுவந்து போட்டார். பெரும்பகுதி என் படிப்புக்கும், நான் ஆஸ்பத்திரியில் கிடந்ததற்கும் போயிருந்தது. அதில் சண்டை போட எனக்கு எதுவுமில்லை. ஒரே ஒரு தொகை மட்டும் அக்கா கல்யாணத்துக்கு. அந்த வரிக்குப் பக்கத்தில் 'திருப்பித் தரணும்' என்று பென்சிலால் எழுதியிருந்தார்.

வங்கிக் கணக்கு சுலபம். 18 முடிந்துவிட்டால் கார்டியன் கையெழுத்துக்கு அங்கே வேலை இல்லை. அடையாளச் சான்றோடு போய் உங்கள் கையெழுத்தைப் பதிவு செய்துகொண்டு, கணக்கு தொடங்கிய நாளிலிருந்து ஸ்டேட்மென்ட் கேளுங்கள்.

நிலத்தில்தான் அவசரம். நீங்கள் இந்துவாக இருந்தால் 1956-ஆம் ஆண்டின் இந்து மைனர், காப்பாளர் சட்டம் 8-ஆம் பிரிவு பொருந்தும். மைனரின் நிலத்தை நீதிமன்ற அனுமதி இல்லாமல் அப்பாவோ அம்மாவோ விற்கவோ அடமானம் வைக்கவோ முடியாது. அப்படி விற்றிருந்தால் நீங்கள் ரத்து செய்யக் கேட்கலாம். ஆனால் மேஜரான நாளிலிருந்து 3 வருடத்துக்குள் வழக்குப் போட வேண்டும். உங்கள் கணக்கில் அது 21-ஆவது பிறந்தநாள். ஆகவே அப்பாவிடம் பேசுவதற்கு முன்பே வில்லங்கச் சான்று எடுத்துப் பாருங்கள். ஏதாவது விற்பனை தெரிந்தால் அன்றே வக்கீலிடம் போய்விடுங்கள், வீட்டுச் சமாதானத்துக்காகத் தள்ளிப்போடாதீர்கள்.

எங்கள் மனை தப்பித்தது. கல்யாணத் தொகையை அம்மா மாதாமாதம் கொஞ்சமாகத் தருகிறார், நானும் வாங்கிக்கொள்கிறேன். அக்காவுக்கு இன்னும் தெரியாது.