நெஞ்சுக்குழியை விடுங்கள், சுவரில் போட்ட கோட்டைப் பாருங்கள்

நெஞ்சுக்குழியில் உங்கள் கைக்குத் தட்டுப்படுவது புற்றுநோய்க் கட்டி இல்லை அம்மா, மார்பெலும்பின் கீழ் நுனி. நட்ட நடுவில், இரண்டு பக்க விலா விளிம்புகளும் கூடுகிற இடத்தில், அசையாமல், குனிந்து கோலம் போடும்போது மட்டும் குத்துகிறது என்று கடிதத்தில் எழுதியிருக்கிறீர்கள். அந்த எலும்பின் முகவரியே அதுதான். இளமையில் குருத்தாக இருந்து, நாற்பது வயதுவாக்கில் எலும்பாக இறுகும். சிலருக்கு உள்ளே வளைந்திருக்கும், சிலருக்கு வெளியே துருத்தும், சிலருக்கு நுனி இரண்டாகப் பிளந்தும் இருக்கும். ஓராண்டு நடைப்பயிற்சியில் எட்டுக் கிலோ குறைத்திருக்கிறீர்கள். மேலே போர்த்தியிருந்த கொழுப்பு கரைந்ததும் எலும்பு தெரிகிறது. இரவு இரண்டு மணி வரை இன்டர்நெட்டில் தேடினால் சாதாரண மருவும் புற்றுநோயாகத்தான் தெரியும். தினமும் இருபது முறை அழுத்திப் பார்ப்பதையும் நிறுத்துங்கள். அழுத்தினால் வலிக்கத்தான் செய்யும்.

கடிதத்தில் கேட்ட மற்ற இரண்டு சந்தேகங்களுக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். விரலில் சொடுக்கு எடுத்தால் எலும்பு தேயாது. அந்தச் சத்தம் மூட்டுத் திரவத்தில் உண்டாகும் வாயுக்குமிழியால் வருவது. டொனால்ட் அங்கர் என்ற அமெரிக்க மருத்துவர் அறுபது ஆண்டுகளுக்கு மேல் இடது கையில் மட்டும் சொடுக்கு எடுத்துப் பார்த்தார். இரண்டு கைகளிலும் மூட்டுவாதம் வரவில்லை. முதலில் சிரிக்கவும் பிறகு சிந்திக்கவும் வைக்கும் ஆய்வுகளுக்குத் தரும் இக் நோபல் பரிசைக்கூட 2009இல் அவருக்குக் கொடுத்தார்கள். மகளின் பிடரிக்குக் கீழே புடைத்திருப்பது கழுத்தின் ஏழாவது முள்ளெலும்பு. தலையைக் குனிந்தால் உங்களுக்கும் தட்டுப்படும்.

என்னைக் கவலைப்பட வைத்தது கடைசிப் பக்கத்தில் போகிற போக்கில் நீங்கள் எழுதிய வரி. பேரனுக்குச் சுவரில் கோடு போட்டு உயரம் பார்த்தபோது நீங்களும் நின்றிருக்கிறீர்கள். வேலையில் சேர்ந்தபோது 158 செ.மீ. இருந்தவருக்கு இப்போது 153. 'வயதானால் குறுகத்தானே செய்யும்' என்று சிரித்துவிட்டீர்கள். போன ஆண்டு குடத்தைத் தூக்கியபோது முதுகு சுளீரென்று பிடித்ததையும், தைலம் தேய்த்து மூன்று வாரத்தில் சரியானதையும் அடுத்த வரியில் எழுதியிருக்கிறீர்கள். இரண்டும் ஒரே கதை என்பது என் சந்தேகம்.

வயதாக ஆக முதுகெலும்புகளுக்கு இடையிலான வட்டுகளில் நீர் குறையும். அதில் ஒன்றிரண்டு செ.மீ. போகலாம். நான்கைத் தாண்டினால் முள்ளெலும்பே நொறுங்கியிருக்கிறதா என்று பார்த்தாக வேண்டும். முள்ளெலும்பின் உட்புறம் கடற்பஞ்சு போன்ற வலைப்பின்னல். அது மெலிந்துவிட்டால், தும்மினாலோ குடம் தூக்கினாலோ எலும்பின் முன்பக்கம் மட்டும் அமுங்கி ஆப்பு வடிவமாகிவிடும். பெரும்பாலும் மார்பு முதுகும் இடுப்பு முதுகும் சந்திக்கிற இடத்தில்தான் இது நடக்கும். பலருக்கு வலியே பெரிதாக இருக்காது, சுளுக்கு என்று விட்டுவிடுவார்கள். ஒன்று நொறுங்கியவருக்கு அடுத்ததும் நொறுங்கும் வாய்ப்பு பல மடங்கு கூடும் என்பதால்தான் அவசரப்படுத்துகிறேன்.

உங்களுக்கு 44 வயதிலேயே மாதவிடாய் நின்றிருக்கிறது. எலும்பைக் காக்கும் ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன் அப்போதே குறைந்துவிடும். அது போதாதென்று, வீசிங்குக்கு என்றோ எழுதிக் கொடுத்த பிரெட்னிசோலோனை, பழைய சீட்டைக் காட்டியே இரண்டு ஆண்டுகளாக மருந்துக்கடையில் வாங்கி விழுங்கியிருக்கிறீர்கள்! அது ஸ்டீராய்டு. மூன்று மாதம் தொடர்ந்து சாப்பிட்டாலே எலும்பை அரிக்கத் தொடங்கும். அந்தச் சீட்டு ஐந்து நாளைக்கு எழுதியதாக இருக்கும் என்று பந்தயம் கட்டத் தயார். இதைப் படித்துவிட்டு நாளைக் காலையிலேயே மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். இத்தனை காலம் சாப்பிட்டதில், உடலுக்கு வேண்டிய ஸ்டீராய்டைத் தானே சுரக்கும் உங்கள் அட்ரீனல் சுரப்பி தூங்கிப் போயிருக்கும். திடீரென்று நிறுத்தினால் இரத்த அழுத்தம் விழுந்து உயிருக்கே ஆபத்தாகலாம். மருத்துவர்தான் படிப்படியாகக் குறைக்க வேண்டும், வீசிங்குக்கு இன்ஹேலருக்கு மாற்ற வேண்டும்.

இந்த வாரமே எலும்பு மருத்துவரையோ பொது மருத்துவரையோ பாருங்கள். பக்கவாட்டில் எடுத்த முதுகெலும்பு எக்ஸ்ரே, எலும்பின் அடர்த்தியை அளக்கும் டெக்சா ஸ்கேன், கால்சியம், வைட்டமின் டி உள்ளிட்ட சில இரத்தப் பரிசோதனைகள் தேவைப்படும். விளம்பரம் பார்த்து நீங்களே வாங்கிய கால்சியம் மாத்திரை மட்டும் இதற்குப் போதாது. எலும்பு அரிப்பைத் தடுக்கும் மருந்துகள் தனியாக இருக்கின்றன. இதற்கிடையில் காலில் மரத்துப்போதல், தளர்ச்சி, சிறுநீர் அடைப்பு என்று எது வந்தாலும் அன்றே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

போகும்போது மாத்திரை அட்டைகளையும் அந்தப் பழைய சீட்டையும் எடுத்துச் செல்லுங்கள். நெஞ்சுக்குழியை அவரும் ஒருமுறை தொட்டுப் பார்க்கட்டும். அதுவரை குடத்தை மகன் தூக்கட்டும்.