காயலான் கடைப் பொருட்களும் வீட்டுக் கலைக்கூடமும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

திருச்சியில் சிறிய வாடகை வீட்டில் வசிக்கிறேன். தூக்கி எறியப்படும் பொருட்களைக் கொண்டு ஒட்டுச் சித்திரங்களும் சிறு சிற்பங்களும் செய்ய ஆசை. மூடி, கம்பி, துணி, அட்டை என்று கிடைத்ததையெல்லாம் சேர்த்ததில் பின்கட்டு நிறைந்துவிட்டது. வேலை மட்டும் தொடங்கவில்லை. தனி அறை இல்லாமல் கலைக்கூடம் அமைக்க முடியுமா? இவற்றில் செய்தவை நிலைக்குமா?

ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

தனி அறை கட்டாயமில்லை. கலைக் கல்லூரிக்கே போகாத அமெரிக்கக் கலைஞர் ஜோசப் கார்னெல், நியூயார்க்கின் குவீன்ஸ் பகுதியில் தாயோடும் நோயுற்ற தம்பியோடும் வாழ்ந்த சிறிய வீட்டில், பகல் வேலை முடிந்து வந்து, வீட்டார் உறங்கிய பிறகு சமையலறை மேசையில்தான் பழம்பொருட்களை உள்ளே அடுக்கிக் காட்டும் தம் கண்ணாடி முகப்புக் கலைப்பெட்டிகளைச் செய்யத் தொடங்கினார். நிலவறைப் பட்டறை பின்னாளில் அமைந்தது. பழைய பொருட்கடைகளில் தேடி எடுத்த மண் புகைக்குழாய்களையும் நிலப்படத் துண்டுகளையும் அவர் வகை பிரித்து, பெயர் எழுதிய பெட்டிகளில் அடுக்கி வைத்திருந்தார். பெயர் எழுதிய அந்தப் பெட்டிகள்தாம் அவருடைய கலைக்கூடம் என்று நான் கருதுகிறேன்.

உங்களைத் தடுப்பது இடக்குறைவு அன்று, சேகரிப்புக்கு வரம்பு இல்லாமையே. ஒரே ஒரு பொருளை எடுத்துக்கொண்டு, மற்றவற்றைத் தயங்காமல் காயலான் கடைக்குக் கொடுத்துவிடுங்கள். கானாவில் பிறந்து நைஜீரியாவில் பல்லாண்டுகள் பணியாற்றிய எல் அனட்சுயி, 1990களின் இறுதியிலிருந்து மதுப்புட்டி மூடிகளைத் தட்டியும் மடித்தும் முறுக்கியும் செம்புக் கம்பியால் கோத்துச் சுவரளவு விரிப்புகளாக்கி வருகிறார். 2015இல் வெனிஸ் பியனாலே என்னும் பன்னாட்டுக் கலைக் கண்காட்சியின் வாழ்நாள் சாதனைக்கான தங்கச் சிங்கம் விருது அவருக்கு வழங்கப்பட்டது. ஒரு பொருள் எங்கே வளையும், எங்கே கிழியும், எந்த ஒளியில் மின்னும் என்பதெல்லாம் அதனோடு நெடுநாள் பழகிய கைக்கே தெரியும் என்பதால்தான் இதை இவ்வளவு வலியுறுத்துகிறேன்.

நேர் வெயில் படாத ஜன்னலோரம் ஒரு மேசையும், உள்ளிருப்பது தெரியும் டப்பாக்கள் வைக்க இரண்டு தட்டுகளும் போதும். மேசைமேல் ஒரு ஒட்டுப்பலகை இருந்தால், பாதி முடிந்த வேலையைக் கலைக்காமல் அப்படியே தூக்கிக் கட்டிலடியில் வைக்கலாம். சிறிய வீட்டில் இதைவிட உதவும் ஏற்பாடு வேறில்லை.

நிலைப்பது பொருளைப் பொறுத்தது. செய்தித்தாளில் உள்ள லிக்னின் என்ற மரப்பொருள் ஒளியும் காற்றும் பட்டுப் பழுப்பாகும். அட்டையைக் கரையானும் ராமபாணப் பூச்சியும் விடாது. இரும்பைத் துருநீக்கி, உலர்ந்த உடனே வார்னிஷ் பூச வேண்டும். ஃபெவிகால் காகிதத்துக்கும் துணிக்கும் மரத்துக்கும் நன்று. உலோகத்துக்கும் கண்ணாடிக்கும் எபாக்சி பசை அல்லது கம்பிக்கட்டு வேண்டும். தெர்மாகோலையும் பிளாஸ்டிக்கையும் வீட்டுக்குள் சூடாக்கி அறுக்காதீர்கள், புகை நச்சானது. பழைய மின்னணுப் பலகைகளின் பற்றாசில் (சால்டரில்) ஈயம் இருக்கக்கூடும் என்பதால், குழந்தைகள் இருக்கும் வீட்டில் அவற்றைத் தொடவே வேண்டாம்.

அன்புடன்,
ஆசிரியர்